இருபத்து நான்காவது ராடு

ஜேடர்பாளையம்
17 பிப்ரவரி 2025

தனப்பிரியா அம்மிணிக்கு உன் பெரியப்பன் சுப்பையன் சொல்ல, நர்சு அன்புச்செல்வி எழுதுவது.

எனக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். போனில் பேசலாமே என்பாய். முப்பத்து நான்கு வருடம் போர்க் கிணறு போடும் ரிக் வண்டியில் கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே நின்றதில் வலது காது முழுசாகப் போய்விட்டது. இடது காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கும். போனில் யார் பேசினாலும் கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது. அதனால் இப்படி ஓர் ஏற்பாடு. வாரத்தில் மூன்று நாள் என் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற அன்புச்செல்வி வருகிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதி, போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். நீ எழுதினால் என் காதில் படிப்பாள். அவள் படிப்பது வாய்க்கால் மேடு வரைக்கும் கேட்கும். அதை நினைவில் வைத்து எழுது.

விஷயம் இதுதான். வலது கால் பெருவிரலில் கார்த்திகையில் வந்த புண் இன்னும் ஆறவில்லை. சர்க்கரை. போன வாரம் சேலத்து டாக்டர் பார்த்துவிட்டு, பெருவிரலை எடுக்க வேண்டும் என்றார். தாமதித்தால் அடுத்த விரல், பாதம், பிறகு முழங்கால் என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

எந்தத் தைரியத்தில் வந்தேன் என்று கேள். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் நீ உன் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினாய். உன் பெரியம்மா வள்ளியாத்தாள் வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். படத்தில் ஒரு பெட்டி நிறையத் தண்ணீர். அதற்குள் நீல நூல்கள். ஒவ்வொரு நூலிலும் கோத்த மாதிரி எட்டு மணி. முதலில் ஒன்றையொன்று தொடாமல் விலகி விலகி ஓடின. பிறகு மூலையில் இருந்த எண் மாறியது. எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒட்டி, கயிறாகி, வலையாகிவிட்டன. நீ சொன்னாய்: "பெரியப்பா, இது பாட்டலுக்குள்ள தண்ணியாட்ட இருக்குமுங்க. புண்ணுல ஊத்துனாக் கட்டிக்கும். உள்ள மருந்தப் புடிச்சு வெச்சுக்கும். புண்ணு ஆற ஆறத் தானாக் கரஞ்சு போயிருமுங்க."

அதில் ஒரு பாட்டில் அனுப்பு. சின்னதாக இருந்தாலும் போதும்.

உன் அப்பன் சிவக்குமார் இதே மாதிரிக் காலோடுதான் சேலத்துக்குப் போனான். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் வெள்ளைத் துணியில் வந்தான். என் தம்பியை நான்தான் வண்டியிலிருந்து இறக்கினேன். கத்தி மட்டும் வேண்டாம் சாமி.

சுப்பையன்


குரோனிங்கன், நெதர்லாந்து
19 பிப்ரவரி 2025

பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன்.

பாட்டில் இல்லை, பெரியப்பா. என்னிடம் மட்டுமல்ல, உலகத்தில் எங்கேயும் இல்லை. அந்த நூல்களை இதுவரை யாரும் கையால் தொட்டதில்லை. நீங்கள் பார்த்தது கணக்கு. இப்படி ஒரு நூல் இருந்தால், அதைத் தண்ணீரில் விட்டால், புளிப்புக் குறைந்தால், என்ன நடக்கும் என்று கணினியைக் கணக்குப் போடச் சொல்லி, அந்தக் கணக்கைப் படமாக்கி வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

அந்த நூலுக்குப் பெப்டைடு என்று பெயர். முட்டையிலும் பருப்பிலும் இருக்கிற புரதத்தில் ஒரு சின்னத் துணுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பான தண்ணீரில் அதன் மணிகளில் மின்னூட்டம் ஏறியிருக்கும். ஒன்றையொன்று தள்ளும். அதனால் சேராது. புளிப்புக் குறைந்தால் மின்னூட்டம் இறங்கும், தள்ளுவது நின்று ஒட்டிக்கொள்ளும். நல்ல தோலில் கொஞ்சம் புளிப்பு உண்டு. ஆறாத புண்ணில் அது போய்விடும். அதனால் புண்ணில் கட்டி, ஆறும்போது கரைகிற மாதிரி ஒன்றைச் செய்ய முடியுமா என்று பார்க்கிறோம். முடியும் என்றே வைத்தாலும் நிஜமாகச் செய்து, எலியில் பார்த்து, மனிதருக்கு வர எட்டுப் பத்து வருடம் ஆகும்.

உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். நான் தண்ணீர் எங்கே இருக்கும் என்று பாயிண்ட் பார்க்கிறவள். போர் இறக்குகிறவள் இல்லை. ஓமலூரில் மாதேசன் தோட்டத்துக் கதையைப் பொங்கலன்றும் சொன்னீர்களே. பாயிண்ட் பார்த்தவர் என்ன சொன்னாலும் நம்பாமல், குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் துளைக் கம்பிகளில் இருபத்து நான்காவது ராடில் ஈரம் மேலே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் "தண்ணி வந்துருச்சுங்க" என்று சொன்னதாக. என் நூலுக்கு அந்த இருபத்து நான்காவது ராடு இன்னும் வரவில்லை.

அப்பா கத்தியால் போகவில்லை. நாலு மாதம் தாமதமாகப் போனதால் போனார். அப்போது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்த முறை எனக்குத் தெரிந்துவிட்டது. தயவுசெய்து சேலத்துக்குப் போங்கள்.

தனப்பிரியா


ஜேடர்பாளையம்
24 பிப்ரவரி 2025

தனப்பிரியாவுக்கு,

உன் கடிதத்தைத் தெருவே கேட்டது. எதிர் வீட்டுத் தனசேகர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கம்ப்யூட்டர்ல செஞ்ச மருந்துன்னா கம்ப்யூட்டர்லயே அனுப்பச் சொல்லுங்க மாமா, காலத் தூக்கித் திரைமேல வெச்சுக்கலாம்" என்கிறான். உன் பெரியம்மா அவனை, "உன்ற வாயத் தூக்கி வெய்யி மொதல்ல" என்று விரட்டினாள்.

பாயிண்ட் பார்க்கிறவள் என்கிறாய். பாயிண்ட் பார்க்கிறவன் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றுவான். தேங்காய் எழுந்து நின்றால் இங்கே போடு என்பான். அவன் பூமிக்குள்ளே எதையும் காட்ட மாட்டான். நீ காட்டினாய். நூல் கட்டியதை நான் பார்த்தேன். என் காதுதான் போனது, கண் போகவில்லை. ஆயிரத்துச் சொச்சம் போர் போட்டிருக்கிறேன். எந்த ஊர், யார் தோட்டம், எத்தனையாவது ராடில் என்ன கல் வந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். எழுதி வைக்கத் தெரியாதவனுக்குக் கண்ணால் பார்த்ததுதான் கைநாட்டு.

நீ செய்ததை நீயே நம்பவில்லை என்றால் அந்தக் குளிரில் எதற்கு ஐந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறாய்?

ஓமலூரை இதில் இழுக்காதே. அது வேறு.

அடுத்த விரலும் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறது. இதை எழுதாதே என்றேன். அன்புச்செல்வி எழுதுகிறாள்.

சுப்பையன்

(தம்பி மகளிடம் மறைக்கக் கூடாது என்று நானே எழுதினேன். கொஞ்சம் நிறம் இல்லை. நன்றாகவே கறுத்திருக்கிறது. – அன்புச்செல்வி)


குரோனிங்கன்
27 பிப்ரவரி 2025

பெரியப்பாவுக்கு,

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு நாள் அதற்குப் பதில் தேடினேன். நான் செய்ததை நம்புகிறேன். ஆனால் உங்கள் காலை அதன்மேல் வைக்கிற அளவுக்கு நம்பவில்லை. இரண்டும் ஒன்றா என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஒன்று செய்யலாம். நான் படத்தில் வைத்த எண் எட்டரை. அது புத்தகத்தில் எடுத்தது. யாருடைய புண் என்று எனக்குத் தெரியாது. உங்கள் புண்ணின் எண்ணைக் கொடுங்கள். அதைப் போட்டுப் புதிதாக ஓட்டுகிறேன். புளிப்பைக் காட்டும் தாள் செவ்வாய்ப்பேட்டை கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். தீப்பெட்டி அளவு இருக்கும். கட்டுப் பிரிக்கும்போது புண்ணின் ஈரத்தில் வைத்தால் நிறம் மாறும். அட்டையில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டு எண் சொல்லிவிடலாம். ஏழு நடு. அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு. எலுமிச்சை இரண்டு. நல்ல தோல் ஐந்தரை.

அன்புச்செல்வி அக்கா, இது உங்களுக்கு. தாள் வாங்கச் சேலம் போகும் நாளில் அவரையும் அழைத்துப் போய் டாக்டரிடம் மறுபடி காட்டிவிடுங்கள். என்ன சொன்னால் வருவார் என்று பெரியம்மாவைக் கேளுங்கள்.

தனப்பிரியா


ஜேடர்பாளையம்
5 மார்ச் 2025

அம்மிணிக்கு,

செவ்வாய்ப்பேட்டையில் எள்ளுருண்டை வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிப் போனார்கள். சர்க்கரைக்காரனுக்கு எள்ளுருண்டை. நானும் குழந்தை மாதிரிப் போனேன். டாக்டர் காலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. உன் பெரியம்மாவிடம்தான் பேசினார். இந்த மாதக் கடைசிக்குள் என்றார்.

உன் எண் வந்துவிட்டது. அன்புச்செல்வி தாளை எடுத்து அட்டையில் வைத்து, என் காதில், "ஏழரைங்கய்யா!" என்று கத்தினாள். தெருவில் ஒரே சிரிப்பு. தனசேகர், "எல்லாத்துக்கும் ஏழரை தலமேல உக்காரும், மாமனுக்குக் கால்லயே உக்காந்துருச்சுடா" என்றான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அதற்காக உனக்கு ஒரு நன்றி.

இனி நான் ஒன்று சொல்கிறேன், கேள். அந்த ஏழரையை உன் பெட்டிக்குள் போடு. நூல் கட்டினால் நான் கத்திக்குப் போக மாட்டேன். பத்து வருடமானாலும் காத்திருப்பேன், அதற்குள் போனால் இரண்டு காலோடு போவேன். கட்டவில்லை என்றால், கட்டவில்லை என்று நீ சொல்லிவிட்டால், மறுநாள் சேலம் போகிறேன். உன் பெரியம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்துவிட்டேன்.

என்னை அனுப்புவதற்காகப் பொய் சொல்லாதே. எனக்குத் தெரிந்துவிடும்.

சுப்பையன்


குரோனிங்கன்
14 மார்ச் 2025

பெரியப்பாவுக்கு,

கட்டவில்லை.

இதை முதலில் எழுதிவிட்டேன், இல்லாவிட்டால் சுற்றி வளைத்திருப்பேன். உங்களை அனுப்புவதற்காகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். அதனால் முழுவதையும் சொல்கிறேன். சொன்னால் எனக்குத்தான் வெட்கம்.

பொங்கலன்று நீங்கள் பார்த்த படம் தப்பு.

அந்த மணிகளில் எதில் மின்னூட்டம் இருக்கும், எதில் இருக்காது என்று கணினிக்கு முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். எட்டரையில் எல்லா மணியும் மின்னூட்டத்தை இழந்துவிடும் என்று நானே எழுதிக் கொடுத்தேன். தள்ளுவதற்கு ஒன்றுமே இல்லை என்றால் நூல்கள் ஒட்டாமல் என்ன செய்யும்? முடிவை நானே உள்ளே வைத்துவிட்டு, அது வெளியே வந்ததும் கை தட்டியிருக்கிறேன்.

வேறொரு முறை உண்டு. எதையும் எழுதிக் கொடுக்காமல், புளிப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மணியும் பக்கத்தில் எது வருகிறது என்பதைப் பொறுத்துத் தானே மின்னூட்டத்தை வைத்துக்கொள்ளவோ விடவோ விடுவது. அதற்குக் கணினி பத்து மடங்கு நேரம் ஓட வேண்டும். எங்களுக்குக் கிடைக்கிற நேரம் குறைவு. அதனால் சுலபமான வழியிலேயே போய்க்கொண்டிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள். ஆனால் நான் அங்கேயே நின்றுவிட்டேன். படம் அழகாக இருந்தது.

உங்கள் எண்ணைப் போடும்போது அப்படிச் செய்யக் கை வரவில்லை. இது புத்தகத்து எண் இல்லை, உங்கள் கால். அதனால் கடினமான முறையில் விட்டேன். எட்டு நாள் ஓடியது. ஏழரையில் பாதி மணிகள் மின்னூட்டத்தை விடவே இல்லை. நாலு நாலு நூலாகச் சேர்கின்றன. ஐந்தாவது வரும்போது தள்ளுகின்றன. பிரிந்து போகின்றன. வலை வரவில்லை. கூடவே அதே முறையில் எட்டரையிலும் ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் பாதிதான்.

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் ஒரு மாநாட்டில் அந்தப் படத்தைக் காட்டுவதாக இருந்தது. பெயரை எடுத்துவிட்டோம். ஆகஸ்டுக்குப் பிறகு எனக்கு இங்கே வேலை நீடிக்குமா என்று தெரியவில்லை.

தப்பான படத்தைக் காட்டி உங்களை இரண்டு மாதம் உட்கார வைத்துவிட்டேன். அந்த இரண்டு மாதத்தில் இரண்டாவது விரல் போயிருக்கிறது. உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. போங்கள் பெரியப்பா. நாளைக்கே.

தனப்பிரியா


ஜேடர்பாளையம்
16 மார்ச் 2025

தனப்பிரியாவுக்கு,

அன்புச்செல்வி உன் கடிதத்தை முதல் தடவையாக மெதுவாகப் படித்தாள். கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு வரியாக, என் காதில் வாயை ஒட்டி வைத்து. தெருவுக்குக் கேட்கவில்லை.

நம்புகிறேன். பொய் சொல்கிறவன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு சொல்ல மாட்டான். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

இரண்டாவது விரலுக்கு நீ கணக்குக் கேட்டுக்கொள்ளாதே. டாக்டர் அறையிலிருந்து எழுந்து வந்த கால் என்னுடையது. நீ பிப்ரவரியிலேயே போ என்றுதான் எழுதினாய்.

நாளைக் காலை ஆறரைப் பேருந்துக்குப் போகிறோம். உன் பெரியம்மா, "வெரலு ரெண்டு போனா என்னங், இன்னும் எட்டு இருக்குதல்ல, உங்குளுக்கு எதுக்கு எச்சா" என்கிறாள். சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தாள்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன் அப்பனை வெளியே கொண்டுவந்த அதே ஆஸ்பத்திரி கேட்டு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

ஓமலூர் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. திரும்பி வந்தால் சொல்கிறேன்.

சுப்பையன்


குரோனிங்கன்
2 ஏப்ரல் 2025

பெரியப்பாவுக்கு,

அன்புச்செல்வி அக்கா தினமும் ஒரு வரி அனுப்புகிறார். "ஆபரேசன் முடிந்தது." "காய்ச்சல் 101." "காய்ச்சல் இல்லை." "இட்லி சாப்பிட்டார்." "நர்சுகளைத் திட்டினார்." கடைசி வரிதான் நிம்மதியாக இருந்தது. பத்தொன்பதாம் நாள் வரைக்கும் நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்குப் பதினாறு.

காத்திருக்கும்போது கை சும்மா இருக்கவில்லை. நாலு நூல் வரைக்கும் சேர்ந்து ஐந்தாவதில் ஏன் தள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எட்டு மணியில் மூன்றாவது மணிதான் கடைசிவரை மின்னூட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவது இப்போது சுலபமாக இருக்கிறது.

பேராசிரியர் ஒருநாள் கூப்பிட்டு, எதனால் திடீரென்று கடினமான முறைக்குப் போனாய் என்று கேட்டார். என் பெரியப்பாவின் கால் எண்ணைப் போட வேண்டியிருந்தது என்றேன். பிறகு கணினி நேரத்தில் தன் பங்கிலிருந்து எனக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுத்தார். வேலை பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் அந்த பாட்டிலைக் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் படத்தை ஊர் ஊராகக் காட்டிக்கொண்டிருப்பேன். யாராவது அதை நம்பி இரண்டு வருடம் ஆய்வகத்தில் நூல் செய்து பார்த்து ஏமாந்திருப்பார்கள். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டு விரலுக்கு எதிரே வைத்தால் என் நன்றி சின்னதாகத் தெரிகிறது. இருந்தாலும் வைக்கிறேன்.

திரும்பி வந்ததும் ஓமலூர் கதை சொல்வதாகச் சொன்னீர்கள்.

தனப்பிரியா


ஜேடர்பாளையம்
18 மே 2025

என் அம்மிணிக்கு,

பத்தொன்பதாம் நாள் நான் என் காலால் நடந்து வீட்டுக்குள் வந்தேன். கம்பு ஊன்றித்தான். இருந்தாலும் நடந்து. கேட்டு வழியாக வெளியே வரும்போது உன் அப்பனை நினைத்துக்கொண்டேன். இவ்வளவு தாமதமாக எழுதுவதற்குக் காரணம், முதலில் ஓமலூருக்குப் போய்விட்டு வர வேண்டியிருந்தது.

சொல்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலு, சித்திரை, வெள்ளிக்கிழமை. மாதேசன் தோட்டம். வெயிலில் புழுதி மட்டும் வந்துகொண்டிருந்தது. ராடு ஒன்று இருபது அடி. எங்கள் வண்டியில் இருந்ததே இருபத்து நான்கு ராடுதான். கடைசி ராடும் இறங்கிவிட்டது. மறுநாள் எடப்பாடியில் வேறு போர் பேசியிருந்தார்கள், இதை முடித்துக்கொண்டு கிளம்பியாக வேண்டும். புழுதி அடங்க நாங்கள் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவோம். அந்தத் தண்ணீர் சேறாகத் திரும்பி வந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டி, "வந்துருச்சுங்க, ரெண்டு இஞ்சுத் தண்ணி!" என்றேன். மாதேசன் அதே சேற்றை அள்ளி நெற்றியில் வைத்துக்கொண்டார். அவர் வீட்டம்மா ரிக்கு வண்டிக்குச் சூடம் சுற்றினார். சர்க்கரைப் பொங்கல் வைத்துப் போட்டார்கள். முந்திரிக்குப் பதில் நிலக்கடலை. நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

இதைத்தான் இத்தனை வருடம் பொங்கலுக்குப் பொங்கல் உங்களுக்குப் பெருமையாகச் சொன்னது. சொல்லிச் சொல்லி மறைத்துவிடலாம் என்று பார்த்தேன். எனக்கு மறக்கிற வசதி கிடையாது.

இந்த மாதம் ஏழாம் தேதி சேலத்தில் கட்டுப் பார்த்த கையோடு, வாடகைக் காரில் ஓமலூர் போனோம். உன் பெரியம்மா, அன்புச்செல்வி, நான். மாதேசனுக்கு இப்போது அறுபத்தைந்து இருக்கும். மாட்டுக்குச் சோளத் தட்டு வெட்டிக்கொண்டிருந்தார்.

"யாருங்க?"

"ரிக்கு வண்டிச் சுப்பையனுங்க. தொண்ணூத்தி நாலுல இங்க போர் போட்டம்."

"அந்த வெறும் போரா?"

சொன்னேன். ஊற்றிய தண்ணீரைத்தான் வந்த தண்ணீர் என்று சொன்னேன் என்று. அவர் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. அன்புச்செல்வி என் காதில் அவர் பேச்சைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள். "மோட்டர எறக்குனேன். அரமணி நேரத்துல காத்து வாங்குச்சு. நீங்க பொய் சொன்னீங்கனு நெனைக்கல. என் கைராசினு நெனச்சேன். எங்கப்பாரு சாகற வரைக்கும் அதச் சொல்லித்தான் ஏசுனாரு."

நான் கம்பை ஊன்றி நின்றேன். கட்டுப் போட்ட காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பிறகு சொன்னார். ஆறு வருடம் கழித்து, வேறு இடத்தில் போட வசதியில்லாமல், அதே குழியில் வேறு வண்டியை விட்டிருக்கிறார். மூன்றாவது ராடில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று ராடு, அம்மிணி. நாங்கள் நிறுத்தியதிலிருந்து அறுபதே அடி. இன்றைக்கும் ஓடுகிறது. மோட்டார் போட்டுக் காட்டினார். ஒரு சொம்பில் பிடித்துக் கொடுத்தார். லேசாக உப்பு.

"அன்னைக்கே தண்ணி இல்லீனு சொல்லியிருந்தா அந்த ஆறு வருசம் எனக்கு மிச்சமுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது காரில் ஒரு தார் வாழைக்காய் ஏற்றியிருந்தார்கள். அவர் வைத்தாரா, வீட்டம்மா வைத்தாரா என்று தெரியவில்லை.

வழி நெடுக உன்னைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நான் எண் அனுப்பிய ஒன்பதாம் நாள் நீ சொன்னாய். நான் முப்பத்தொரு வருடம் எடுத்துக்கொண்டேன். உன்னைப் பார்த்துத்தான் போனேன். எனக்கு நன்றி சொல்லத் தனியாக வார்த்தை தெரியாது. உன் அப்பன் இருந்திருந்தால் அவனிடம் போய்ச் சொல்லியிருப்பேன், "உம்பட புள்ள என்னைய ரெண்டு தாட்டி காப்பாத்திருச்சுடா" என்று. அவன் இல்லை. அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

உன் வேலை நிலைத்ததா இல்லையா, எழுது. நிலைக்காவிட்டால் இங்கே வந்து கொஞ்ச நாள் இரு. அந்த மூன்றாவது மணியை இங்கே உட்கார்ந்தும் மாற்றலாம் என்று நினைக்கிறேன், கரண்ட் மட்டும் போகாமல் இருந்தால்.

கடைசியாக ஒன்று. இன்று கட்டுப் பிரித்தபோது பெட்டியில் இன்னும் தாள் இருந்தது. எதற்கும் வைத்துப் பார் என்றேன். அன்புச்செல்வி அட்டையில் பிடித்தாள். ஐந்தரை என்கிறாள். உன் பெரியம்மா ஆறு என்கிறாள். இரண்டு பேருக்கும் சண்டை. எப்படியானாலும் என் கால் புளித்துவிட்டது, அம்மிணி. உன் நூல் கட்டியிருந்தால் இன்றைக்குத் தானாகக் கரைந்து போயிருக்க வேண்டிய நாள், இல்லையா?

போட்டோவில் நிறம் சரியாகத் தெரியாது. அதனால் தாளை இங்கே கீழே ஒட்டி, இந்தக் கடிதத்தை மட்டும் தபாலிலேயே அனுப்புகிறேன். வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகுமாம். நிறம் மங்குவதற்குள் பார்த்து, யார் சொன்னது சரி என்று எழுது.

உன் பெரியப்பன்
சுப்பையன்